கீரையும் கோப்பையும்

பீர் காய்ச்சி முடித்ததும் தொட்டியின் அடியில் ஒரு சேறு மிஞ்சும். பழுப்பாக, கொழகொழவென்று, புளித்த வாடையோடு. மாவுச் சர்க்கரையைத் தின்று அதைச் சாராயமாக மாற்றிக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்து செத்துப்போன ஈஸ்ட். இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்தில் பீர்த் தொழிற்சாலைகள் ஏராளம். இந்தச் சேற்றை என்ன செய்வது என்று யோசித்த சிலர், உப்புப் போட்டுச் சுண்டக் காய்ச்சி, ரொட்டியில் தடவிச் சாப்பிடுங்கள் என்று 1902-ல் விற்க ஆரம்பித்தார்கள். மார்மைட் என்று பெயர். சிலருக்கு உயிர். சிலருக்கு வாந்தி. நடுவில் யாரும் கிடையாது!

அந்த மார்மைட் ஜாடி ஒன்று பம்பாய்க்கு வந்த கதையிலிருந்துதான் நாம் தொடங்க வேண்டும். காரணம், குடியால் பெண்களின் மார்பகத்துக்கு வரும் கேட்டைத் தாவரங்களில் உள்ள ஏதாவது ஒரு பொருள் தடுத்து நிறுத்துமா என்று கடந்த கால் நூற்றாண்டாக விஞ்ஞானிகள் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறார்கள் அல்லவா? அதில் அதிகம் அடிபட்ட பெயர் ஃபோலேட். கீரையில் இருக்கும் ஒரு வைட்டமின். மனிதன் அதை முதலில் கண்டுகொண்டது, வேடிக்கையைப் பாருங்கள், பீர்த் தொட்டியின் அடிச் சேற்றில்!

1928. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்து இறங்குகிறார். வயது நாற்பது. கேம்பிரிட்ஜில் தாவரவியலும் புவியியலும் படித்துவிட்டு, அப்புறம் மருத்துவம் படித்தவர். பம்பாய் துணி ஆலைகளில் வேலை பார்த்த பெண்கள் கர்ப்பமான நேரத்தில் வெளிறிப்போய், மூச்சு வாங்கி, பொத்துப் பொத்தென்று செத்துக்கொண்டிருந்தார்கள். ரத்தசோகைதான். ஆனால், சாதாரண ரத்தசோகை இல்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ரத்தத்தின் சிவப்பு அணுக்கள் எண்ணிக்கையில் குறைவாகவும், ஒவ்வொன்றும் அளவில் பெரிதாகவும் இருந்தன. ஏதாவது கிருமியா? இல்லை, சாப்பாட்டில் கோளாறா? இதைக் கண்டுபிடித்துச் சொல்லத்தான் லூசி வந்திருந்தார். செலவுக்கு லேடி டாட்டா நினைவு அறக்கட்டளையும் கை கொடுத்தது.

லூசி கிருமியைத் தேடினார். கிடைக்கவில்லை. சரி, சாப்பாட்டைப் பார்ப்போம் என்று யார் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார். யாருடைய தட்டு மிக ஏழ்மையாக இருந்ததோ அவர்களுக்குத்தான் நோயும் அதிகம் என்று தெரிந்தது. குறிப்பாக ஏழை முஸ்லிம் பெண்கள். 1929-ல் ஆறு மாதம் நம் குன்னூருக்கு வந்து, பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் எலிகளை வைத்துச் சோதனை செய்தார். அப்புறம் குரங்குகள். பம்பாய்ப் பெண்கள் சாப்பிடும் அதே சாப்பாட்டைக் கொடுத்ததும் குரங்குகளுக்கும் அதே ரத்தசோகை. அதில் ஒரு குரங்குக்கு, பி வைட்டமின் நிறைய இருக்கிறதே என்று மார்மைட்டைக் கொடுத்துப் பார்த்தார். குரங்கு பிழைத்துக்கொண்டது!

அடுத்தது மனுஷிகள். சாகக் கிடந்த பெண்களுக்கு ஸ்பூன் ஸ்பூனாக அந்தப் பழுப்புக் குழம்பு. சில நாட்களிலேயே பசி எடுத்தது. முகத்தில் ரத்தம் ஏறியது. ஈரலைச் சாப்பிட்டால் ஒருவகை ரத்தசோகை குணமாகும் என்று 1926-லேயே அமெரிக்காவில் கண்டுபிடித்திருந்தார்கள். அதற்கு நோபல் பரிசுகூடப் பிறகு கிடைத்தது. ஆனால், அந்த ஈரல் சத்தைச் சுத்தப்படுத்தி எடுத்த மருந்து இந்தப் பெண்களிடம் வேலை செய்யவில்லை. மார்மைட் வேலை செய்தது. அப்படியானால் இது வேறொரு பொருள்! 1931-ல் லூசி இதைக் கட்டுரையாக வெளியிட்டார். அதே வருடம் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் வேலை பார்த்தார். இன்றைக்குத் திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி அரசு மருத்துவமனை என்று பெயர் மாறியிருக்கிறதே, அதே இடம்தான்.

அந்தப் பொருளுக்கு அப்போது பெயர் இல்லை. வில்ஸ் ஃபேக்டர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெயர் வைத்தது அமெரிக்காவின் டெக்ஸாஸ் பல்கலைக்கழகம். 1941-ல் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் என்ற மூவர் நாலு டன் பசலைக் கீரையை வாங்கிப்போட்டு, அரைத்து, பிழிந்து, வடிகட்டி, கடைசியில் துளியூண்டு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். நாலு டன்! கோயம்பேடு மார்க்கெட்டில் ஒரு லாரி நிறைய. லத்தீனில் 'ஃபோலியம்' என்றால் இலை. இலையில் கிடைத்ததால் ஃபோலிக் அமிலம். உணவில் இயற்கையாக இருக்கும்போது ஃபோலேட் என்கிறோம். மாத்திரையாகச் செயற்கையில் செய்தால் ஃபோலிக் அமிலம்.

செயற்கையில் செய்தது யார்? இங்கேதான் மறுபடி நம் ஊர் வருகிறது.

எல்லாப்ரகடா சுப்பாராவ். பீமவரத்தில் 1895-ல் பிறந்த தெலுங்கர். படித்தது சென்னையில், பிரசிடென்சி கல்லூரியிலும் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜிலும். காந்தி அலை அடித்த நேரம். கதரில் தைத்த அங்கியைப் போட்டுக்கொண்டு ஆபரேஷன் வகுப்புக்குப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. பரீட்சையில் நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைச்சலான எல்.எம்.எஸ். கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சென்னையிலேயே ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு வாத்தியாராக வேலை பார்த்தார். அண்ணன் புருஷோத்தமன் 'ஸ்ப்ரூ' என்ற வயிற்று நோயில் செத்துப்போயிருந்தார். சாப்பிடுகிற எந்தச் சத்தும் உடம்பில் ஒட்டாமல் போகிற நோய். அதற்கு மருந்தில்லையா என்ற கேள்வி சுப்பாராவை விடவே இல்லை.

1923-ல் பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார். அங்கே போய் ஆஸ்பத்திரியில் இரவு நேர எடுபிடி வேலை பார்த்தார். பகலில் ஹார்வர்டில் ஆராய்ச்சி. உயிரணுக்கள் செலவழிக்கும் சக்திக்கு 'நாணயம்' என்று சொல்லத்தக்க ஏ.டி.பி. என்ற மூலக்கூறை ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து கண்டுபிடித்தார். அதற்கே ஒரு நோபல் கொடுத்திருக்கலாம். ஹார்வர்டு அவருக்கு நிரந்தர வேலைகூடக் கொடுக்கவில்லை! 1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போய்விட்டார். அங்கே அவர் தலைமையில் வேலை செய்த குழு 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கிவிட்டது. இனி நாலு டன் கீரை வேண்டாம். ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அந்த மருந்து வேலையும் செய்தது. அண்ணன் செத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கதை இங்கே ஒரு திருப்பம் எடுக்கிறது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலத்தின் உறவுக்காரப் பொருட்களைக் கொடுத்துப் பார்த்தார். நல்லது நடக்கும் என்று நினைத்தார். நடந்தது நேர்மாறு. புற்றுநோய் இன்னும் வேகமாக ஓட ஆரம்பித்தது. பதறிய ஃபார்பர் யோசித்தார். இந்த வைட்டமின் புற்றுக்குத் தீனி என்றால், தீனியைத் தடுத்தால் என்ன? சுப்பாராவின் குழு ஃபோலிக் அமிலம் மாதிரியே வேஷம் போட்டு ஏமாற்றும் அமினோப்டெரின் என்ற மருந்தைச் செய்து கொடுத்தது. 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகவேனும் பின்வாங்கியது. அந்தக் கட்டுரை 1948 ஜூனில் வெளிவந்தது. ஆகஸ்ட்டில் சுப்பாராவ் மாரடைப்பில் போய்விட்டார். வயது 53.

அமினோப்டெரினின் தம்பி மெதோட்ரெக்ஸேட். 1951-ல் ஜேன் ரைட் என்ற கறுப்பினப் பெண் டாக்டர் அதை மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பலன் கண்டார். 1976-ல் இத்தாலியின் போனடோனா, அறுவை சிகிச்சைக்குப் பிறகு கொடுக்கும் மூன்று மருந்துக் கூட்டில் அதையும் சேர்த்தார். உலகம் பூராவும் லட்சக்கணக்கான பெண்களுக்கு அந்தக் கூட்டு போயிருக்கிறது. ஃபோலேட் இல்லாவிட்டால் செல் பெருகாது. நல்ல செல்லும் பெருகாது, கெட்ட செல்லும் பெருகாது. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சரி, இதில் சாராயம் எங்கே வந்தது?

அதே 1976. பாஸ்டனில் ஃபிராங்க் ஸ்பைசர் என்ற ஹார்வர்டு டாக்டர், அமெரிக்க நர்ஸ்களுக்குக் கடிதம் அனுப்புகிறார். கருத்தடை மாத்திரை நீண்ட நாள் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று பார்க்கத்தான் முதலில் உத்தேசம். நர்ஸ்கள் என்றால் மருத்துவக் கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் எழுதுவார்கள் என்று கணக்கு. கணக்கு தப்பவில்லை. 1,21,700 பேர் பதில் போட்டார்கள். 1980-லிருந்து சாப்பாடு, குடி எல்லாவற்றையும் கேட்க ஆரம்பித்தார்கள். வாரத்துக்கு எத்தனை பீர், எத்தனை ஒயின், எத்தனை கிண்ணம் கீரை?

1987-ல் வால்டர் வில்லெட் குழு முதல் கணக்கை வெளியிட்டது. 89,538 நர்ஸ்கள். நாலு வருடத்தில் 601 பேருக்கு மார்பகப் புற்றுநோய். குடிக்காதவர்களைவிட, தினமும் 15 கிராமுக்கு மேல் ஆல்கஹால் உள்ளே போகிறவர்களுக்கு 60 சதவிகிதம் அதிக ஆபத்து. மொடாக்குடிகாரிகள் இல்லை அவர்கள். ராத்திரிச் சாப்பாட்டோடு ஒரு கோப்பை ஒயின் குடிக்கிற, கண்ணியமான, வேலைக்குப் போகிற பெண்மணிகள். அமெரிக்கா அதிர்ந்தது. அவ்வளவு இருக்காது என்று சண்டை வந்தது. உண்மையில் பிற்பாடு எண்ணிக்கை கொஞ்சம் இறங்கியது. 2002-ல் 53 ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தபோது, தினசரி ஒவ்வொரு 10 கிராமுக்கும் ஆபத்து சுமார் 7 சதவிகிதம் ஏறுகிறது என்று தெரிந்தது. இறங்கியதே தவிர, மறையவில்லை. 2007-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, ஆல்கஹாலால் வரும் புற்றுநோய்களின் பட்டியலில் பெண்களின் மார்பகத்தையும் சேர்த்தது.

10 கிராம் என்றால் எவ்வளவு? நம் ஊர்க் கணக்கில் விஸ்கியோ ரம்மோ 30 மில்லி, அதாவது ஒரு ஸ்மால். ஒரு லார்ஜ் 20 கிராம். 650 மில்லி பீர் பாட்டில், சாதாரண ரகமாக இருந்தாலே 25 கிராம். பீர்தானே என்பவர்கள் கவனிக்க.

உள்ளே போன ஆல்கஹாலை உடம்பு அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றுகிறது. ஈரலில் மட்டும் இல்லை. மார்பகத் திசுவிலேயே அந்த வேலையைச் செய்யும் நொதி இருக்கிறது. அசிட்டால்டிஹைடு போய் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்ளும். பசை மாதிரி. தவிர, குடி ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜனைக் கூட்டுகிறது. மார்பகச் செல்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்றால் 'பெருகு' என்கிற உத்தரவு. மூன்றாவது காரியம்தான் நம் கதைக்கு முக்கியம். ஆல்கஹால் ஃபோலேட்டைக் கொள்ளையடிக்கிறது. குடல் அதை உறிஞ்சவிடாமல் தடுக்கிறது, சிறுநீரில் கூடுதலாக வெளியேற்றுகிறது, அசிட்டால்டிஹைடு அதை நேரடியாக உடைத்தும் போடுகிறது.

ஃபோலேட் போனால் என்ன நஷ்டம்? டி.என்.ஏ.வைக் கட்டும் நாலு வகைச் செங்கலில் தைமின் என்பது ஒன்று. அதைச் சுடுவதற்கு ஃபோலேட் வேண்டும். லூசி வில்ஸ் பார்த்த அந்தப் பெரிய பெரிய ரத்த அணுக்கள் ஞாபகம் இருக்கிறதா? செங்கல் பற்றாமல் பிரிய முடியாமல், ஊதிப்போய் நின்றவை அவை. இன்னும் மோசமாக, தைமின் இல்லாத இடத்தில் யுராசில் என்ற தப்பான கல்லை வைத்து உடம்பு சுவரைக் கட்டிவிடும். பிறகு இடித்துத் திருத்தப் பார்க்கும். இடிக்க இடிக்க டி.என்.ஏ. இழை அறுந்துபோகும். புற்றுநோய் தொடங்குவதற்கு இந்த மாதிரி விரிசல்கள்தான் தோது.

ஆக, ஒரு நியாயமான சந்தேகம் பிறந்தது. குடிக்கிற பெண்ணுக்கு ஃபோலேட் தாராளமாகக் கிடைத்தால் ஆபத்து குறையுமா?

1999-ல் ஷுமின் ஜாங் என்ற பெண் விஞ்ஞானி அதே நர்ஸ்களின் கணக்கைத் தோண்டினார். இப்போது 88,818 பேர், 16 வருடம், 3,483 புற்றுநோய்கள். விடை நாற்காலியின் நுனிக்கு வரவைக்கிற மாதிரி இருந்தது. ஃபோலேட் தினமும் 300 மைக்ரோகிராமுக்குக் கீழே உள்ள பெண்களில், 15 கிராமுக்கு மேல் குடித்தவர்களுக்கு ஆபத்து 32 சதவிகிதம் அதிகம். 300-ஐத் தாண்டியவர்களிடம் வெறும் 5 சதவிகிதம், அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்கிற அளவு. குடிப்பவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், 600 மைக்ரோகிராமுக்கு மேல் கிடைத்தவர்களுக்கு ஆபத்து கிட்டத்தட்டப் பாதி! 2003-ல் ரத்தத்திலேயே ஃபோலேட்டை அளந்து பார்த்தார்கள். அதுவும் அதே திசையைத்தான் காட்டியது. 2005-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் ஆய்வும் ஆமாம் போட்டது.

பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். கீரை சாப்பிடு, கோப்பையைத் தூக்கு என்கிற பாணியில் எழுதித் தள்ளினார்கள்.

இந்த இடத்தில் சிவப்பு ஒயின் பற்றியும் ஒரு வார்த்தை. 1991-ல் அமெரிக்காவில் '60 மினிட்ஸ்' டி.வி. நிகழ்ச்சியில் செர்ஜ் ரெனோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி வந்து, பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருப்பதற்கு ஒயின் காரணமாக இருக்கலாம் என்றார். சிவப்பு ஒயின் விற்பனை எகிறியது. திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால்தான் அந்த மந்திரப் பொருள் என்று கிளம்பினார்கள். 1997-ல் எலிகளின் தோல் புற்றுக்கட்டிகளை அது தடுக்கிறது என்ற கட்டுரை வந்தது. 2008-ல் ஒரு பெரிய மருந்துக் கம்பெனி, இந்த வகைப் பொருட்களை ஆராய்ந்த சிர்ட்ரிஸ் என்ற சின்னக் கம்பெனியை 72 கோடி டாலர் கொடுத்து வாங்கி, ஐந்தே வருடத்தில் இழுத்து மூடியது. 2012-ல் கனெக்டிகட் பல்கலைக்கழகம் தன்னுடைய ரெஸ்வெரட்ரால் நிபுணர் தீபக் தாஸ் 145 இடங்களில் ஆராய்ச்சிப் படங்களையும் தகவல்களையும் திருத்தியிருக்கிறார் என்று அறிவித்தது. இத்தனைக்கும் ஒரு லிட்டர் ஒயினில் அந்தப் பொருள் இருப்பது சில மில்லிகிராம்தான். ஆல்கஹாலோ ஏறக்குறைய நூறு கிராம்! போதாததற்கு ரெஸ்வெரட்ரால் பார்க்க ஈஸ்ட்ரோஜன் சாயலில் இருக்கும். ஆய்வகச் செல்களில் சில நேரம் ஈஸ்ட்ரோஜன் மாதிரியே நடந்துகொள்ளவும் செய்கிறது. மார்பகத்தைக் காப்பாற்றக் கூப்பிடுகிற ஆசாமியா இவர்?

ஃபோலேட்டுக்கு அந்த அளவு அவமானம் வரவில்லை. ஆனால், மேகம் சூழ்ந்தது. 2003-லேயே அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் பெரிய ஆய்வில் ஃபோலேட்டுக்கும் குடிக்கும் இப்படி ஒரு உறவு தெரியவில்லை. 2006-ல் இன்னொரு ஆய்வு, ஃபோலிக் அமில மாத்திரையை அதிகமாகச் சாப்பிட்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கலாம் என்று பயமுறுத்தியது. ஃபார்பரின் குழந்தைகள் நினைவுக்கு வருகிறார்களா? மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன வரி இங்கேதான். செல்லில் விரிசல் விழுமுன் ஃபோலேட் காவல்காரன். ஏற்கெனவே எங்கோ ஒரு கட்டி முளைவிட்டிருந்தால், அதற்கும் ஃபோலேட் செங்கல் சுட்டுக் கொடுக்கும். அதற்கு நல்லவர் கெட்டவர் தெரியாது.

நடுவில் அமெரிக்க அரசாங்கம் வேறு ஒரு காரியம் செய்துவிட்டது. கர்ப்பத்தில் குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறக்கும் ஊனத்தை ஃபோலிக் அமிலம் தடுக்கிறது என்று 1991-ல் பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று சந்தேகமில்லாமல் நிரூபித்தது. அதனால் 1998 முதல் அமெரிக்காவில் ரொட்டி மாவிலேயே அதைக் கலக்கச் சட்டம். குழந்தைகளுக்கு மிக நல்லது. ஆராய்ச்சியாளர்களுக்குத்தான் தலைவலி. ஃபோலேட் குறைந்த பெண் என்று ஒருத்தியைத் தேடிப் பிடிப்பதே கஷ்டமாகிவிட்டதே!

எப்படித்தான் தீர்ப்பது? நேரடியாகச் சோதிக்கலாம் என்றால், ஆயிரம் பெண்களைக் கூப்பிட்டு, 'பதினைந்து வருஷம் தினமும் குடியுங்கள், பாதிப் பேருக்குக் கீரை தருகிறோம்' என்று எந்த டாக்டரும் சொல்ல முடியாது. முடிந்ததைச் செய்தார்கள். இதய நோய் ஆபத்துள்ள 5,442 பெண்களில் பாதிப் பேருக்கு ஃபோலிக் அமிலமும் இரண்டு பி வைட்டமின்களும், மீதிப் பேருக்குச் சும்மா மாத்திரை. ஏழு வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். 2008-ல் முடிவு வந்தது. மார்பகப் புற்றுநோயில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கட்டுரையின் முதல் பெயர் யார் தெரியுமா? அதே ஷுமின் ஜாங்! ஒன்பது வருடத்துக்கு முன் தானே விதைத்த நம்பிக்கையைத் தானே எடை போட்டு, எடை குறைகிறது என்று எழுதிய அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெண்கள் குடிப்பவர்கள் என்று பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் இல்லை. கொடுத்தது மாத்திரை, கீரை இல்லை. ஆகவே 1999-ன் கேள்வி முழுசாகச் செத்துவிடவில்லை. குடிக்கிற பெண்ணுக்கு ஃபோலேட் குறைந்திருந்தால் ஆபத்து கூடலாம், போதுமான அளவு இருந்தால் அந்தக் கூடுதல் கொஞ்சம் மட்டுப்படலாம். அதிகபட்சம் இவ்வளவுதான் சொல்ல முடியும். ஈஸ்ட்ரோஜன் ஏறுவதையோ, அசிட்டால்டிஹைடு உண்டாவதையோ எந்தக் கீரையும் நிறுத்துவதாகத் தெரியவில்லை.

நம் நாட்டில் குடிக்கிற பெண்கள் நூற்றுக்கு ஒருவர் என்கிறது தேசிய குடும்ப நல ஆய்வு. ஆனால், இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகத்துக்குத்தான். ஒரு சொட்டுக்கூடத் தொடாதவர்கள்தான் அவர்களில் பெரும்பாலோர். கட்டி தெரிந்தால், 'எனக்குத்தான் எந்தக் கெட்ட பழக்கமும் இல்லையே' என்று ஆறு மாதம் தள்ளிப்போடுகிற அம்மாக்களும் அக்காக்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரையின் கிராம் கணக்கெல்லாம் தேவையே இல்லை. உடனே போய் டாக்டரிடம் காட்டினால் போதும்.

2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், ஆரோக்கியத்துக்குக் கேடில்லாத மது அளவு என்று எதுவும் கிடையாது என்றது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி விவேக் மூர்த்தி, பதவி முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, மது பாட்டில்களில் புற்றுநோய் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று அறிக்கை விட்டார். மார்பகம் உட்பட ஏழு வகைப் புற்றுநோய்களை அது சொல்கிறது.

மார்மைட் ஜாடியில் இன்றைக்கும் ஃபோலிக் அமிலம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். பீர் பாட்டிலில் என்ன அச்சிடுவது என்றுதான் இன்னும் சண்டை நடந்துகொண்டிருக்கிறது.